வெந்நீர்த் தெரு

1

என் அப்பாவின் பெயரில் பழனியில் ஒரு நகர் இருக்கிறது என்று மெல்பர்னில் நான் சொல்லாத ஆள் கிடையாது. வேலையிடத்துத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். பல் மருத்துவரிடம், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். என் மகள் மதுவுக்குத் தாலாட்டுக்குப் பதில் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். “உன் தாத்தா பேரைச் சொன்னால் போதும், பழனி பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.”

போன வருடம் தை மாதம், கல்லூரி விடுமுறையில் மது முதல்முறையாகத் தனியாக ஊருக்குப் போனாள். மதுரை விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்ன என் அண்ணனை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பஸ்ஸில் வந்து இறங்கி, தானே வீட்டைக் கண்டுபிடிக்கப் போகிறாளாம். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம் மட்டும் அவளுக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் எழுத்துத்தான் பாதி வழியில் நின்றுவிட்டது.

நான் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அவள் கூப்பிட்டாள். ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

“அம்மா, சுப்பையா நகர் யாருக்கும் தெரியல.”

“சரியா சொன்னியா?”

“சரியாத்தான் சொன்னேன். நிறைய ஆட்டோல கேட்டுட்டேன். இந்த அண்ணாகிட்ட போன் குடுக்குறேன், நீங்களே பேசுங்க.”

போனில் ஒரு கரகரத்த குரல் வந்தது. “சொல்லுங்கக்கா, எந்த ஏரியா?”

“சுப்பையா நகர்ங்க. ஆயக்குடி ரோட்டுல, முன்னாடி கொய்யாத் தோப்பா இருந்த எடம்.”

“ஆயக்குடி ரோடு பூராம் கொய்யாத் தோப்புதானக்கா இருந்துச்சு! சுப்பையா நகர்னு ஒண்ணு இங்கன இல்லையே. பக்கத்துல வேற அடையாளம் எதாச்சும் சொல்லுங்க.”

அண்ணன் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. அண்ணன் பார்த்த வேலையைச் சொன்னேன். அதுவும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், “அவுக சம்சாரம் பேரு சரசு” என்றேன்.

“அட, சரசக்கா வீடா! வெந்நீர்த் தெருன்னு சொன்னா சோலி முடிஞ்சுது. ஏறு பாப்பா!”

போன் நின்றுவிட்டது. தயிர்சாத டப்பாவை மூடிவைத்தேன். வயிறு எரிகிறது என்று பேச்சுக்குச் சொல்வோம். எனக்கு அன்று நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே சுரீரென்று எரிந்தது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

2

நான் இங்கே குடியிருக்கும் வீதிக்கு லாவெண்டர் என்று பெயர். வீதியில் ஒரு லாவெண்டர் செடிகூட இல்லை. அடுத்தது ரோஸ்மேரி, அதற்கடுத்தது தைம், இரண்டும் இங்கே சமையலில் போடும் தழைகள். மனைகளை விற்ற கம்பெனிக்காரர் சமையலறை அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு பெயர் வைத்திருக்க வேண்டும். ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. நேற்று ஆடு மேய்ந்த இடத்தில் இன்றைக்குத் தெருவிளக்கு எரிகிறது. அலமாரியில் பாட்டில் தீர்ந்துபோனதாலோ என்னவோ, புதிய வீதிகளுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று ஒருமுறை உள்ளாட்சி அலுவலகமே குடியிருப்பவர்களிடம் கேட்டது.

நான் விடுவேனா? அப்பாவின் பெயரை எழுதிப் போட்டேன். கொஞ்ச நாளில் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார். தேன் ஒழுகும் குரல். பெயருக்கு உரியவரிடம் இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். நான் நம்மூர்ப் பழக்கத்தில், “மை ஃபாதர் இஸ் லேட்” என்றேன். “அவசரமில்லை, வந்ததும் பேசச் சொல்லுங்கள்” என்றார். இறந்துவிட்டார் என்று விளக்கிச் சொன்னதும் அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். இந்த மண்ணோடு உங்கள் தகப்பனாருக்கு என்ன தொடர்பு?

மகள் இங்கே புல் வெட்டுகிறாள் என்றேன். அது போதாதாம்.

அந்த வீதிக்கு ஓர் இத்தாலியக்காரரின் பெயர் கிடைத்தது. வீடுகள் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் காலிஃபிளவர் போட்டவராம். என் அப்பா கொய்யா போட்டார், அவர் காலிஃபிளவர் போட்டார். என்ன பெரிய வித்தியாசம்? தினமும் காரில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். செத்துப்போன ஒரு மனிதர்மேல் இத்தனை பொறாமைப்பட முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் அந்தப் பலகையில் பறவை எச்சம் வழிந்திருந்தது. அன்று முழுக்க உற்சாகமாக இருந்தேன்.

என் கணவர் கொடைக்கானலில் வளர்ந்தவர். அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. “எங்க ஊருல வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்த வெள்ளைக்காரங்க சாயங்காலம் வாக்கிங் போன பாதைக்கெல்லாம் அவங்க பேருதான். உங்கப்பா வாக்கிங் போயிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது” என்றார். என் அப்பா வாக்கிங் போனதில்லை. தண்ணீர் பாய்ச்ச நடந்ததை யாரும் வாக்கிங் என்று சேர்த்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்த ஊரில் தோற்றாலும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அதுதான் பழனியில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆறுதலைத்தான் ஆட்டோக்காரர் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டார்.

3

தோப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயக்குடி ரோட்டில், மேற்கே பார்த்தால் பழனி மலைக் கோயிலும் தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலைத்தொடரும் தெரிகிற இடத்தில் அப்பாவின் கொய்யாத் தோப்பு இருந்தது. கிணறு வற்றியது. போர் போட்டார், அதுவும் வற்றியது. மரங்கள் நின்றபடியே காய்ந்தன. அப்பா மனசைக் கல்லாக்கிக்கொண்டு தோப்பை மனையாகப் பிரித்தார். ஒரு மனை அண்ணனுக்கு. ரோட்டைப் பார்த்த மூலை மனை எனக்கு. மீதியை விற்றார். அது முடிந்த கையோடு அவரும் போய்விட்டார்.

நுழைவில் ஒரு கல்லில் ‘சுப்பையா நகர்’ என்று வெட்டி நிறுத்தினோம். எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், என்ன வண்ணம் அடிக்க வேண்டும் என்பதுவரை நான் மெல்பர்னிலிருந்து போனிலேயே சொன்னேன். பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். ஒரு ஜேசிபி அந்தக் கல்லை மண்ணோடு மண்ணாக அள்ளிக்கொண்டு போனது. நான் ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணனும் இதை என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சி மனசு கஷ்டப்படுமே என்று இருந்துவிட்டாராம். இல்லாத கல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் பெருமையடித்திருக்கிறேன்.

அங்கே முதலில் வீடு கட்டிக் குடிபோனது அண்ணனும் மதினியும்தான். மனை வாங்கிய மற்றவர்கள் விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தப் பொட்டலில் ஒற்றை வீடு. கேஸ் கொண்டுவருகிறவர், தபால்காரர் எல்லோருக்கும் அடையாளம் மதினிதான். அண்ணன் பகலில் வேலைக்குப் போய்விடுவார்.

பழனிக்காரர்களுக்குத் தைப்பூசம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்குடிப் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் நாள்கணக்கில் நடந்தே வருவார்கள். ஆயக்குடியைத் தாண்டினால் கோயில் மலை கண்ணுக்குத் தெரியும். மலை தெரிந்த பிறகுதான் கால்வலி தெரியும் என்பார்கள். வழிநெடுக சாப்பாடு, மோர், பிஸ்கட், பழம் என்று கொடுப்பதற்கு ஆட்கள் நிற்பார்கள். பசியோடு பழனி வந்தவர் யாருமில்லை. ஆனால் கொப்புளம் கட்டிய காலை நனைக்க ஒரு சொம்பு வெந்நீர் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மதினிக்கும் அதுவாகத் தோன்றவில்லை. ஒரு பூசத்துக்கு முந்தி, விடியற்காலையில், நடந்து வந்த ஒரு பெண் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் குளிக்கப் போட்டிருந்த வெந்நீரை மதினி ஒரு பேசினில் ஊற்றி, கல்லுப்பைப் போட்டு, அவள் காலை அதில் வைக்கச் சொன்னார். அண்ணன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போனார். எழுந்து போன பெண் பின்னால் வந்த தன் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் அடுத்த ஊர்க்காரர்களிடம் சொன்னார்கள். மறு வருடம் ஒரு பேசின் போதவில்லை. மூலையில் காலியாகக் கிடந்த மனையில் மதினி கல்லடுப்பு கூட்டி, அண்டாவை ஏற்றிவிட்டார். வருடா வருடம் கூட்டம் கூடியது. நடந்து வந்தவர்கள் வைத்த பெயர்தான் வெந்நீர்த் தெரு.

இதையெல்லாம் மதினி போனில் எனக்குச் சொன்னார்தான். நான் ஏதோ புண்ணியக் காரியம் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். அது பெயர் வைக்கும் காரியம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது கணக்கைப் பாருங்கள். காலியாகக் கிடந்த மூலை மனை என்னுடையது. எரித்த விறகு, அந்த மனையில் குவித்துவைத்திருந்த அப்பாவின் கொய்யா மரங்கள். அண்டா என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கியது. பெயர் மட்டும் அவளுக்கு. (அவருக்கு. மரியாதை குறைந்துவிட்டது, மன்னிக்கவும்.) கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதானே இது?

“விடியக்காலையில எந்திரிச்சு அடுப்பு ஊதுறதும் தண்ணி சுமக்குறதும் யாரோடதாம்?” என்றார் என் கணவர். அவரை யார் கேட்டது?

4

அந்த விடுமுறையில் மது எனக்குத் தினமும் வீடியோ அனுப்பினாள். அண்டா முன்னால் மது. முட்டிவரை நனைந்து, சொம்பும் கையுமாக மது. மதினியின் தோளில் சாய்ந்துகொண்டு மது. இங்கே ஒரு பாத்திரத்தைக் கழுவிவைக்கச் சொன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மாடியேறும் பெண் அவள். அங்கே, “அத்தை, உப்பு போதுமா? அத்தை, இந்தத் தாத்தாவுக்கு இன்னும் சூடா வேணுமாம்” என்று ஓடிக்கொண்டிருந்தாள். என்னிடம் வராத தமிழெல்லாம் மதினியிடம் வந்தது. தெருவின் பெயர் போனது போதாதென்று பெற்ற பெண்ணும் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒருநாள், போனில் இருக்கும் வரைபடத்தில் அந்த இடத்தைப் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். திறந்து பார்த்தேன். வெந்நீர்த் தெரு என்று போட்டிருந்தாள்.

“தாத்தா பேர் போட வேண்டியதுதானே?”

“அம்மா, அந்தப் பேர்ல யாரும் தேட மாட்டாங்க.”

அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன். “அண்ணே, என் எடத்தச் சுத்திச் சுவரு எடுத்துருண்ணே.”

“எதுக்குத்தா? அங்கன என்ன, ஆடு மாடா நுழையுது?”

“அடுப்பு நுழைஞ்சிருக்குல்ல.”

என்னை ஒருபோதும் எதிர்த்துப் பேசாதவர் அவர். “சரித்தா. கூட்டம் போகட்டும். அடுத்த தைக்குள்ள எடுத்துருவோம். செங்கலுக்குச் சொல்லிர்றேன்” என்றார். சொன்னபடி ஆடி மாதம் செங்கல் வந்து இறங்கியது. படம் அனுப்பினார். கொத்தனார்தான் கிடைக்கவில்லையாம். நானும் மாதாமாதம் கேட்டேன். கொத்தனாரும் மாதாமாதம் கிடைக்கவில்லை.

இதற்கிடையே ஊர் முழுக்கத் தெருக்களுக்கு நீலப் பலகை வைக்கிறார்கள் என்று சேதி வந்தது. அங்கே இப்போது வீடுகள் நெருக்கமாக வந்துவிட்டன. என்ன பெயர் எழுதலாம் என்று தெருவாசிகள் கூடிப் பேசியிருக்கிறார்கள். எல்லோரும் வெந்நீர்த் தெரு என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. மதினி எழுந்திருக்கிறார்.

“எம் மாமனார் வச்ச மரத்த எரிச்சுத்தான் நான் தண்ணி காயவச்சேன். அவுக பேரு போர்டுல இருக்கட்டும். கூப்புடுறவுக எப்படி வேணாலும் கூப்புட்டுக்கங்க” என்றாராம்.

பலகை வந்தது. ‘சுப்பையா நகர் முதல் தெரு’. அண்ணன் படம் அனுப்பினார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அதையும் மதினி அல்லவா வாங்கிக் கொடுத்திருக்கிறார்! எதிர்த்து நின்றிருந்தால் நாலு நாள் சண்டை போட்டிருக்கலாம், மனசும் ஆறியிருக்கும். விட்டுக்கொடுக்கிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேரில் போய், நின்று, சுவரை எடுத்துவிட்டுத்தான் வருவது என்று முடிவு செய்து இந்தத் தைக்கு டிக்கெட் போட்டேன்.

5

பழனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கோயில் மலையில் பாதிக்குப் பனி மூடியிருந்தது. ஓர் இளவட்டம் ஆட்டோவோடு வந்தான்.

“சுப்பையா நகர்” என்றேன்.

தலையைச் சொறிந்தான். “அது எங்கனக்கா இருக்கு?”

“ஆயக்குடி ரோட்டுல. புதுசா நீல போர்டு வச்சிருக்கே, பாத்ததில்லையா?”

“போர்டு எல்லாத் தெருவுலயும் வச்சிருக்காங்கக்கா. அத யாரு படிக்கிறா?”

நானும் விடவில்லை. பெட்டியை ஏற்றி உட்கார்ந்துகொண்டு, போ, வழி சொல்கிறேன் என்றேன். ஊரில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் காலத்தில் புளியமரம் நின்ற இடத்தில் லாட்ஜ் நின்றது. ஒருவழிப் பாதையில் எதிரே நுழையச் சொல்லி, அவன் போலீஸ்காரரிடம் பேச்சு வாங்கினான். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தான்.

“வெந்நீர்த் தெரு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லக்கா!” என்று வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். “சரசக்காவுக்கு நீங்க என்ன வேணும்?”

“நாத்தனார்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றான். அதற்கப்புறம்தான் அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். என் அப்பாவின் தோப்பில், நான் தடுக்கி விழுந்து எழுந்த மண்ணில், இன்னொருத்தியின் நாத்தனாராகப் போய் இறங்கினேன்.

நீலப் பலகை முனையில்தான் நின்றது. அதன்மேல் நாலைந்து துண்டுகள் காய்ந்தன. ‘சுப்’ என்பது மட்டும் வெளியே தெரிந்தது. என் மனையில் மூன்று அடுப்புகள் எரிந்தன. அடுப்பைச் சுற்றி வரிசை வரிசையாக, பெஞ்சு போல, செங்கல் அடுக்கியிருந்தது. என் சுவருக்கு வாங்கிய செங்கல்! பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக நடந்து வந்த சனங்கள், என் சுவரின்மேல் வசதியாக உட்கார்ந்து பேசினில் காலை வைத்திருந்தார்கள்.

மதினி புகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். முடி பாதி நரைத்திருந்தது. கைகள் வெந்நீரில் ஊறிச் சிவந்திருந்தன.

“வா தேவி! வெள்ளனே வந்துட்டியே. செங்கலு சும்மாதான கெடக்குன்னு எடுத்து அடுக்கிட்டேன், கோவிச்சுக்காத. தைப்பூசம் முடிஞ்சதும் கழுவி எடுத்து வச்சுர்றேன், ஒஞ் சுவத்துக்கு ஆகும். அலுப்பா இருக்கும், உள்ள போயிக் குளி. இல்ல, செத்த இரு. உங்கண்ணன் உப்பு வாங்கப் போயிட்டாக. அந்தச் சொம்ப எடுத்து இவுகளுக்கு ஊத்திவிடு. பால் அடுப்புல கெடக்கு, எறக்கிட்டு வெரசா வந்துர்றேன்.”

பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்குள் போய்விட்டார். சண்டைக்கு நான் மனப்பாடம் செய்து வந்த வசனமெல்லாம் அப்படியே நின்றது. கையில் சொம்பு இருந்தது. எதிரே காலை நீட்டிக்கொண்டு ஜனங்கள் இருந்தார்கள். ஊற்றினேன்.

நான்கைந்து பேருக்கு ஊற்றியிருப்பேன். புதிதாக வந்து உட்கார்ந்த ஓர் அம்மாள், காலைப் பேசினில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பாதம் முழுக்க வெடிப்பு. பிறகு கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

“ஆத்தா, நீங்கதான சரசக்கா? எங்கூரு ஆளுக சொல்லிவிட்டாக. பழனிக்கு முந்தி வெந்நீர்த் தெருவுல சரசக்கான்னு ஒருத்தவுக இருக்காக, அவுக கையால ஊத்துனா மலையேறத் தெம்பு வந்துரும்னு. ஒங்களப் பாக்கணும்னே நடந்து வந்தேன்.”

சொல்லியிருக்கலாம். இது என் மனை, இது என் அப்பாவின் தோப்பு, அந்தத் துண்டை விலக்கிப் பார், அவர் பெயர் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். இதைச் சொல்வதற்காகத்தானே விமானம் ஏறி வந்தேன். ஆனால் அந்த அம்மாள் பார்த்த பார்வையை மெல்பர்னில் ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

“ஆமா” என்றேன்.

“நல்லா இருப்பீக தாயீ. மலைக்குப் போனதும் ஒங்க பேரச் சொல்லித்தான் மொதக் கும்புடு.”

எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்? சரசு என்றுதான். நான் சொன்ன பொய்கூட மதினியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அது உறைத்தபோதுதான் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பால் வாசம் வந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

“சரசக்கா” என்று மதினி என்னைக் கூப்பிட்டார். “அந்த ஓரத்து அடுப்பு அணையப் போகுது பாருங்க. வெறகத் தள்ளிவிடுங்க.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து விறகைத் தள்ளினேன்.